ஸ்டாக் பிளாக் எவ்வளவு பவர் தாங்கும்? டியூனிங்கில் புதிதாக இறங்குபவர்களுக்கு

டர்போ போடலாமா, இருக்கும் பூஸ்டை (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) ஏற்றலாமா என்று யோசிக்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இந்த பிளாக் எத்தனை எச்பி தாங்கும்?" பிளாக் என்பது சிலிண்டர்கள் அடங்கிய இன்ஜினின் உடல், ஸ்டாக் என்றால் கம்பெனியில் வந்தபடியே இருப்பது, எச்பி என்பது பவரின் அளவு (ஹார்ஸ்பவர்). யாராவது ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். 400, 500, 700 என்று ஏதோ ஒன்று. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை), எந்த எரிபொருளில், எவ்வளவு நேரத்துக்கு என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஓர் உதாரணம் பாருங்கள். 1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்ற பிரபாம் காரில் இருந்தது பிஎம்டபிள்யூவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின். அதன் பிளாக், சாதாரண சாலைக் கார்களில் ஓடிய எம்10 இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக்கிலிருந்து வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், தகுதிச் சுற்றுக்கான பூஸ்டில் அது 1000 எச்பியைத் தாண்டியது. ஆனால் அந்தச் சுற்றில் அது சில லேப்கள் தாக்குப்பிடித்தாலே போதும். நமக்கோ தினமும் காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

ஆகவே எச்பி எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு, உங்கள் இன்ஜினில் முதலில் உடையப்போகும் பாகம் எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் அது பிளாக்காக இருக்காது.

1. எதை "ஸ்டாக்" என்கிறார்கள் என்று கேளுங்கள்

"ஸ்டாக் பிளாக்கில் 600 எச்பி எடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். பிளாக், கிராங்க் (சுழலும் தண்டு), ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைப்பது), பிஸ்டன் எல்லாமே கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றன என்பது ஒன்று. பிளாக் மட்டும்தான் கம்பெனியுடையது, உள்ளே ஃபோர்ஜ்டு (அடித்து வலுவாக்கிய) பிஸ்டனும் ஃபோர்ஜ்டு ராடும் போட்டாகிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே மலையளவு வித்தியாசம். அப்புறம், 600 என்பது சக்கரத்தில் டைனோ (பவரை அளக்கும் கருவி) காட்டியதா, கிராங்க்கில் இருக்கும் என்று கணக்குப் போட்டதா என்றும் கேட்டுவிடுங்கள். கியர்பாக்ஸ், ஆக்ஸில் வழியாகத் தோராயமாக 15 சதவீதம் போய்விடும்.

2. உங்கள் பிளாக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்ஜின் கோடைப் பாருங்கள். முடிந்தால் பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் இன்ஜினிலேயே ஆண்டுக்கு ஆண்டு ராடு மாறும், பிஸ்டன் மாறும். பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பிளாக் வார்ப்பிரும்பா அலுமினியமா என்பது. வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் விறைப்பானது. அதோடு, ஓர் அளவுக்குக் கீழே இருக்கும் சுமையை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் அது சோர்ந்துபோவதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு அடிவரம்பு கிடையாது; ஒவ்வொரு சுமையும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அலுமினிய பிளாக் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்று நேற்று கட்டியதையும் ஐந்து வருஷம் அடிபட்டதையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, சிலிண்டரின் மேல் பகுதி. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், சில பிளாக்குகளில் சிலிண்டர்களைச் சுற்றி கூலன்ட் ஓடும் பள்ளம் முழுதாகத் திறந்து, சிலிண்டர்கள் நடுவில் தனியாக நிற்பது போலத் தெரியும். அது ஓப்பன் டெக். மேலே மூடி, சின்னச் சின்ன நீர்த் துளைகள் மட்டும் இருந்தால் க்ளோஸ்டு டெக். இரண்டுக்கும் நடுவில் செமி க்ளோஸ்டும் உண்டு. ஹோண்டாவின் பி வரிசை ஓப்பன் டெக். டொயோட்டாவின் 2ஜேஇசட் க்ளோஸ்டு டெக். ஓப்பன் டெக்கில் அழுத்தம் ஏறினால் சிலிண்டரின் மேல் விளிம்பு பக்கவாட்டில் அசையும். அசைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் தேயும், கடைசியில் ஸ்லீவே (சிலிண்டரின் உட்சுவர்) விரிசல் விடலாம்.

மூன்றாவது, கிராங்க்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்கள். ஒவ்வொரு கேப்புக்கும் இரண்டு போல்ட்டா, நான்கா? பக்கவாட்டிலிருந்தும் போல்ட் வருகிறதா? ஷெவர்லேயின் எல்எஸ் வரிசையில் ஒரு கேப்புக்கு ஆறு போல்ட்: செங்குத்தாக நான்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அந்த இன்ஜின்கள் டர்போக்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. எச்பியை டார்க்காக மாற்றுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு வரும். தாண்டிப் போய்விடாதீர்கள், இதுதான் முக்கியம்.

டார்க்கை (கிராங்க்கைச் சுழற்றும் முறுக்கு விசையை) நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். ஒரு எச்பி என்பது 0.746 கிலோவாட். இப்போது 2 லிட்டர் இன்ஜின் ஒன்றில் 300 எச்பி வேண்டும் என்று வையுங்கள். அதை 7000 ஆர்பிஎம்மில் எடுத்தால் டார்க் ஏறக்குறைய 305. அதே 300 எச்பியை 4500 ஆர்பிஎம்மிலேயே எடுத்தால் 475. டைனோ தாளின் தலைப்பில் இரண்டும் 300தான். ஆனால் பிஸ்டன் தலையில் விழும் அடியில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதை எந்த அளவு இன்ஜினுக்கும் ஒப்பிடும்படி ஆக்க ஒரு குறுக்குவழி உண்டு. டார்க்கை லிட்டரால் வகுத்து, வந்ததை 8ஆல் வகுங்கள். ஒரு சுழற்சியில் சிலிண்டருக்குள் சராசரியாக எவ்வளவு அழுத்தம் பயனுள்ள வேலை செய்தது என்பது பார் அளவில் (ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) தோராயமாகக் கிடைக்கும். 305 என்றால் 19 பார். 475 என்றால் கிட்டத்தட்ட 30 பார். டர்போ இல்லாத சாலைக் கார்கள் 11 முதல் 13 பாரில் இருக்கும். கம்பெனியிலேயே டர்போவோடு வருபவை 20, 25 பார் வரை போகும். உங்கள் இலக்கு இந்த அளவுகோலில் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சராசரிக்கே இப்படி. எரியும் நொடியில் உச்ச அழுத்தம் 100 பாரை எளிதாகத் தொடும். 86 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்) உள்ள பிஸ்டனின் தலைப்பரப்பு 58 சதுர சென்டிமீட்டர். 100 பார் என்றால் அதன்மேல் ஏறக்குறைய 6 டன் சுமை. 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இது நொடிக்கு 50 முறை.

அதனால்தான், சீக்கிரமே பூஸ்ட் ஏறும் சின்ன டர்போவைப் போட்டு, டாப் கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துகிறவர்களுக்கு ராடு வளைகிறது. எச்பி எண் சின்னதாகத்தான் இருக்கும். சிலிண்டருக்குள் நடப்பது வேறு.

ஆர்பிஎம் ஏறினால் ராடுக்கு வரும் ஆபத்து வேறு வகை. அங்கே நசுக்கல் இல்லை, இழுப்புதான். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது ராடு அதைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். பிஸ்டனும் அதோடு சேர்ந்து ஆடும் பாகங்களும் அரைக் கிலோ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 86 மில்லிமீட்டர் என்றால், 7000 ஆர்பிஎம்மில் அந்த இழுப்பு ஒன்றரை டன் அளவில் இருக்கும். 8000இல் 2 டன். வெறும் 1000 ஆர்பிஎம்தான் கூடியது. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் இப்படி. டியூனர் ரெவ் லிமிட்டை (ஆர்பிஎம்மின் உச்சவரம்பை) சும்மா 500 ஏற்றித் தருகிறேன் என்றால், ராடு போல்ட்டை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

4. முதலில் உடைவது எது?

மெக்கானிக்குகள் வழக்கமாகப் பார்க்கும் வரிசை ஏறக்குறைய இப்படி: கிளட்ச் வழுக்கும் (இது ஒரு வகையில் நல்லது, எச்சரிக்கை மணி அடித்துவிட்டுப் போகிறது), பிறகு ஹெட் கேஸ்கட், பிஸ்டனின் ரிங் லேண்ட் (பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய வளையம்), ராடு, கடைசியில்தான் பிளாக். ஆனால் இன்ஜினுக்கு இன்ஜின் இது இடம் மாறும்.

சுபாருவின் 2.5 லிட்டர் ஈஜே டர்போவில் ரிங்குகளுக்கு இடையே இருக்கும் அந்த மெல்லிய வளையம்தான் பேர்போன பலவீனம். பிளாக் நன்றாகவே இருக்கும், பிஸ்டன் உடைந்திருக்கும். டொயோட்டா 2ஜேஇசட்-ஜிடிஇ இதற்கு நேர்மாறு. 3 லிட்டர், வார்ப்பிரும்பு, கிராங்க்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். உள்ளே எதையும் தொடாமல் 600, 700 எச்பி வரை பலர் ஓட்டுகிறார்கள். நிசானின் ஆர்பி26இல் பிளாக்கைப் பற்றிக் கவலைப்படும் முன் ஆயில் பம்ப் கியரைப் பார்க்க வேண்டும். அது உடைந்தால் மொத்த இன்ஜினும் போய்விடும்.

பிளாக்கே முதல் பலவீனமாக இருக்கும் இன்ஜினும் உண்டு. ஃபோர்டின் பழைய 5.0 லிட்டர் இன்ஜின், அதாவது 1980களின் மஸ்டாங்கில் வந்த 302 (கன அங்குலத்தில் அதே கொள்ளளவு). ஏறக்குறைய 500 எச்பியைத் தாண்டினால் மெயின் கேப் பகுதியிலிருந்து கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) துளை வழியாக பிளாக் நீளவாக்கில் பிளந்துவிடும் என்பது ஃபோர்டுக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. உள்ளே எவ்வளவு உயர்ந்த ராடும் பிஸ்டனும் போட்டாலும் அந்த பிளாக் பிளப்பதைத் தடுக்க முடியாது. எனவே மற்றவர்களின் அனுபவத்தைத் தேடும்போது "எத்தனை எச்பி" என்று தேடாதீர்கள். "எது உடைந்தது, எப்படி உடைந்தது" என்று தேடுங்கள்.

5. பவர் ஏற்றும் முன் உடல்நலம் பாருங்கள்

கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளப்பது) எடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அடுத்து லீக் டவுன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் இன்ஜினைத் திறக்க வேண்டியதுதான். இதில் எண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். சைலன்சரில் காற்று சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

6. டியூனிங்: பிளாக்கைக் காப்பாற்றுவதும் கொல்வதும் இதுதான்

ஒரே இன்ஜின், ஒரே டர்போ. ஒருவரிடம் ஐந்து வருஷம் ஓடுகிறது. இன்னொருவரிடம் ஒரு மாதம்கூட ஓடவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் நாக்கிங்.

ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுவதுதான் நாக்கிங். அழுத்தம் சீராக ஏறாமல் சுத்தியலால் அடித்தது போல எகிறும். ரிங் லேண்ட் உடைவது, கேஸ்கட் ஊதுவது, பேரிங் நசுங்குவது என்று "பிளாக் தாங்கவில்லை" என்ற பெயரில் நடக்கும் பல மரணங்களுக்கு உண்மைக் காரணம் இதுவே. 86 மில்லிமீட்டர் போரில் இது ஏறக்குறைய 6.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். நாக் சென்சார் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. பூஸ்ட் ஏற்றிய காரில் அந்த சென்சாரை அணைத்துவைக்கச் சொல்லும் டியூனரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோலில் முழு பூஸ்டில் லாம்டா (காற்று, எரிபொருள் விகிதத்தின் அளவு; 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.80ஐ ஒட்டி இருக்கட்டும். அதை அளக்க வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். கம்பெனி கொடுத்த சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் இதற்கு உதவாது. இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் அடுத்த அளவுக்கு மாற வேண்டும். பூஸ்ட் ஒரு பார் என்றால் வெளிக்காற்றையும் சேர்த்து இரண்டு பார், அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று. பெட்ரோலும் அந்த அளவுக்குப் போக வேண்டும். எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள் கிடைத்தால் நாக்கிங் வெகுவாகக் குறையும். ஆனால் 85 சதவீத எத்தனாலுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். பம்ப்பும் இன்ஜெக்டரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

டியூனரிடம் இதையும் கேளுங்கள்: டார்க்கை 3500 ஆர்பிஎம்முக்குக் கீழே அடக்கி வைத்து, மேலே போகப் போக பூஸ்டைத் திறந்துவிட முடியுமா? கிடைக்கும் உச்ச எச்பி ஏறக்குறைய அதேதான். ராடுகள் மட்டும் நிம்மதியாக இருக்கும்.

7. இன்ஜினைத் திறந்தால் ரிங் கேப்பை விடாதீர்கள்

ஸ்டாக் இன்ஜினில் பூஸ்ட் ஏற்றும்போது பலரும் மறப்பது இது. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சிறிய இடைவெளி இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளி சுருங்கும். கூடுதல் பவர் என்றால் கூடுதல் சூடு. முனைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டால் ரிங் போரில் இறுகி, பிஸ்டனின் ரிங் லேண்டைப் பிய்த்துவிடும். கழற்றிய பழைய ரிங்கின் முனைகள் கண்ணாடி போலப் பளபளவென்றிருந்தால் ஏற்கெனவே முட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

டர்போ இல்லாத இன்ஜினுக்கு மேல் ரிங்கின் இடைவெளி போரின் அளவில் 0.004 பங்கு என்பது நடைமுறைக் கணக்கு, டர்போவுக்கு 0.006 பங்கு. 86 மில்லிமீட்டர் போருக்கு முறையே 0.34, 0.52 மில்லிமீட்டர். பிஸ்டன் செய்தவர் தாளில் வேறு எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளப்பது எளிது: ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதனால் 25 மில்லிமீட்டர் அளவுக்கு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். அராவும்போது ஒரு முனையை மட்டும் அராவுங்கள், வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி. இல்லாவிட்டால் மேல்பூச்சு பெயர்ந்துவிடும். கடைசியில் பிசிறை நீக்கிவிடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் தனியாக அளக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் செலவு எதுவும் இல்லை.

8. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்

என் கணக்கு இது. கம்பெனியிலேயே டர்போவோடு வந்த இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால், டார்க்கை 25 சதவீதம் வரை கூட்டுவதில் பெரிய பயம் இல்லை. டர்போ இல்லாமல் வந்த இன்ஜினில் புதிதாக டர்போ போடுகிறீர்கள் என்றால் 0.4 பாரில் தொடங்குங்கள். அங்கே கம்ப்ரெஷன் ரேஷியோ (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் விகிதம்) ஏற்கெனவே அதிகம், ரிங் கேப் குறைவு. அதற்கு மேல் 0.1 பார், 0.1 பாராக. ஒவ்வொரு படியிலும் லாக் (சென்சார்களின் பதிவு) எடுத்துப் படித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும்.

இடையில் இன்ஜின் பேசும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் பிஸ்டனை அரிக்கத் தொடங்கிவிட்டது. உடனே பூஸ்டைக் குறையுங்கள். வேகமாக ஓட்டியபின் கூலன்ட் உபரிப் பாட்டில் நிரம்பி வழிகிறதா, மறுநாள் இன்ஜின் ஆறிய பிறகும் ரேடியேட்டர் குழாய் விறைப்பாக இருக்கிறதா? பூஸ்டில் ஹெட் தூக்குகிறது. ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ தகடுத் துணுக்குகள் இருந்தால் பேரிங் தேய்கிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இன்ஜினின் எல்லையை எட்டிவிட்டீர்கள். வேறொருவரின் இன்ஜின் இன்னும் 100 எச்பி கூடுதலாகத் தாங்கியிருக்கலாம். உங்களுடையது தாங்கவில்லை.

ஒரு நிமிஷத்துக்குள் முடியும் நேர் ஓட்டத்துக்கும், அரை மணி நேரம் டிராக்கில் சுற்றுவதற்கும், மலையேற்றத்தில் பாரம் இழுப்பதற்கும் ஒரே டியூன் வைக்காதீர்கள். சூடு தங்கும் வேலைகளுக்கு பூஸ்டைக் குறைத்துத் தனி மேப் போட்டுக்கொள்ளலாம்.

9. அதற்கு மேலும் வேண்டுமென்றால்

முதலில் ஹெட் போல்ட்டுகளை எடுத்துவிட்டு ஸ்டட் (தனி நட்டால் இறுக்கும் மரைக்கம்பி). பிறகு ஃபோர்ஜ்டு ராடு, ஃபோர்ஜ்டு பிஸ்டன். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்குப் போரில் இடைவெளி கொஞ்சம் அதிகம் விடுவதால் காலையில் குளிராக இருக்கும்போது தட்டும். சூடானால் அடங்கிவிடும், பயப்படாதீர்கள். மெயின் கேப்புக்கு ஸ்டட் போட்டால் இறுக்கும் விசை மாறிப் பேரிங் துளையின் வட்டம் கெடும், எனவே லைன் ஹோனிங் (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேராக, வட்டமாகத் தீட்டுவது) செய்தே ஆக வேண்டும். இதைத் தவிர்த்தால் புதுப் பேரிங் நிலைக்காது.

போரைப் பெரிதாக்கினால் கூடுதல் கொள்ளளவு கிடைக்கும், ஆனால் சிலிண்டர் சுவர் மெலியும். பவருக்காகக் கட்டும் இன்ஜினில் தேவையான அளவுக்கு மேல் போர் செய்ய வேண்டாம். செய்தே தீர வேண்டுமென்றால், அதற்கு முன் அல்ட்ராசானிக் கருவியால் சுவரின் கனத்தைச் சுற்றிலும் அளக்கச் சொல்லுங்கள். வார்க்கும்போது அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடிமனாகவும் இன்னொரு பக்கம் மெலிதாகவும் இருக்கும். ஓப்பன் டெக் அலுமினிய பிளாக்குக்கு, மேலே விளிம்பு வைத்து ஒன்றையொன்று தாங்கும் ஸ்லீவ் போடுவது நிலையான தீர்வு. கூலன்ட் பள்ளத்தில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றி நிரப்புவதும் உண்டு. அது நேர் ஓட்டக் கார்களுக்குச் சரி. நெரிசலில் நிற்கும் காருக்கு வேண்டாம், சூடு ஏறும்.

இந்த வேலைகளின் கூட்டுச் செலவைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பல நேரம், இன்னும் பெரிய, இன்னும் உறுதியான வேறொரு இன்ஜினை மாற்றிப் போடுவது அதைவிட மலிவாக வரும்.